மஞ்சள் வட்டத்துக்குள் எல்லாம் நலம்

துப்பறிபவன் எதையும் தொடாமல் பார்க்க வேண்டும் என்பது தொழிலின் முதல் பாடம். அதனால்தான் அந்த ஓட்டைக்குள் நான் விரலை விட்டேன்.

"ஆ!"

"என்னடா, குற்றவாளி உள்ளேயா ஒளிஞ்சிருக்கான்?" என்றாள் அக்கா.

அக்கா என் உதவியாளர். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சம்பளம் வாங்கிக்கொண்டே அடுத்தவர் பேச்சைக் கேட்டு ஓய்வு பெற்றவள். வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாரும் முதலில் அவளைக் கும்பிட்டுவிட்டு, என்னிடம் குடையைக் கொடுப்பார்கள். நானும் வாங்கி ஓரமாக வைப்பேன்.

விரலில் ரத்தம் வந்தது. அக்காவின் கைப்பையில் ஒரு சின்ன மருந்துக்கடையே இருக்கும். பிளாஸ்திரியை எடுத்து இறுக்கமாகச் சுற்றினாள்.

எதிரே நின்ற தொழிற்சாலை மேலாளர் சங்கடமாகச் செருமினார். "பரவாயில்லையா சார்?"

"ஆய்வின் ஒரு பகுதி" என்றேன்.

மேஜைமேல் கிடந்தது ஓர் இரும்புக் குழாயின் வளைவு. மடக்கிய முழங்கை மாதிரி இருந்தது. அதன் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. முந்தாநாள் அந்த ஓட்டை வழியாகத்தான் அமிலம் பீறிட்டு அடித்தது. கீழே நின்ற பம்ப்காரரின் வலது கை வெந்துபோய், அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வளைவை அறுத்தெடுத்து, பல தடவை தண்ணீரில் கழுவி, எனக்காக இங்கே வைத்திருந்தார்கள்.

"இதோ பாருங்க" என்று மேலாளர் ஓட்டைக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்த ஒரு தழும்பைக் காட்டினார். "சுத்தியல் அடி. அன்னிக்குக் காலையில வளைவுகிட்ட வேலை பார்த்தது ஃபிட்டர் ஒருத்தன்தான். அதுக்கு முந்தின நாள் கேன்டீன்ல பம்ப்காரரைப் பார்த்து, 'உன் கையை முறிக்கிறேன் பாரு'ன்னு கத்தியிருக்கான். அங்க இருந்த எல்லாரும் கேட்டிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்? சாயங்காலம் போலீஸ்ல ஒப்படைச்சிடப் போறேன். அதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் பார்த்துச் சொல்லிட்டா மனசுக்கு நிம்மதி."

"என்னைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னாங்க?" ஒரு சின்னப் பெருமையோடு கேட்டேன்.

"என் மச்சினி. அவ பூனை காணாமப் போனப்ப நீங்கதான் கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்களாமே."

அந்தப் பூனை தானாகத்தான் வந்தது. நான் அப்போது வேறு பூனையைத் துரத்திக்கொண்டு கூரைமேல் இருந்தேன். தன்னடக்கம் காரணமாக இந்த விவரத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை.

அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஓட்டையைப் பார்த்தாள். "சுத்தியலால அடிச்சா இரும்பு உள்பக்கம் போகணும். இது வெளிப்பக்கம் பிதுங்கியிருக்கு. அதோட, ஓரம் என் தம்பி விரலை பிளேடு மாதிரி அறுத்திருச்சு. இவ்வளவு மெல்லிசான தகடு பவுடர் டப்பாவுலதான் வரும். அமிலக் குழாய் இப்படியா இருக்கும்?"

"இருக்கவே முடியாதுங்க. குழாயோட தடிமனை வருஷா வருஷம் மீட்டர் வச்சு அளக்கிறோம். எல்லாம் பிரமாதம். சொல்லப் போனா, சில வருஷத்துக்கு முன்னால இருந்ததைவிட இப்ப நல்லாவே இருக்கு!"

நான் அறிவாளிபோலத் தலையாட்டினேன்.

"பக்கத்துலயே ரெண்டாவது குழாய் ஒண்ணு இருக்கு" என்று அவர் தொடர்ந்தார். "சாயங்காலம் ஷிப்ட் சங்கு ஊதினதும் அதைத் திறந்து வேலையை ஆரம்பிச்சிடுவோம். இதுக்கு மேல நஷ்டம் தாங்காது."

வெளியே வந்ததும் அக்கா என் காதருகே குனிந்தாள். "டேய், எனக்கு வயசாக ஆக உடம்பு பெருக்குது. அதுக்குக் காரணம் இருக்கு, நான் சாப்பிடறேன். இரும்புக் குழாய் எதைத் தின்னுட்டு பெருக்குது?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன்" என்றேன்.

"பொய் சொல்லாதே. நீ விரல் வலியை யோசிச்சே."

ஃபிட்டரை ஸ்டோர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். கதவில் காவலாளி. உள்ளே போல்ட்டுப் பெட்டிகளுக்கு நடுவே, இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப்போட்ட ஒரு தாட்டியான மனிதர். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"மச்சான் கை எப்படிங்க இருக்கு? யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க."

"பம்ப்காரர் உங்களுக்கு மச்சானா?"

"என் பொண்டாட்டியோட கூடப்பிறந்த அண்ணன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரும்போது வாசல் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது அவள் சொன்னது: "அண்ணன் ஆஸ்பத்திரியில, புருஷன் ஸ்டோர் ரூம்ல. யாருக்காக அழுதாலும் இன்னொருத்தருக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கும்மா." எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. குடிக்கத் தண்ணீர் மிச்சம் இருக்குமா என்றுதான் கவலைப்பட்டேன்.

"கையை முறிக்கிறேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேங்க. தங்கச்சி வீட்டுக்கு வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு அவரு வரவே இல்ல. இவ சமைச்சு வச்சுட்டு வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அந்தக் கடுப்புல கத்திட்டேன். நாங்க அப்படித்தாங்க பேசிக்குவோம். அவரு என்னைக் கழுத்தைத் திருகிடுவேன்னு சொல்லாத நாளில்ல."

"சுத்தியல்?"

"போல்ட் இறுகிப் போயிருந்துச்சு. தட்டினேன். ஒரு அடி வழுக்கி வளைவுல பட்டுது, ஒத்துக்கிறேன். ஆனா நல்ல இரும்புக்கு அது கொசுக்கடிங்க."

"கையில என்ன கட்டு?"

அவர் கைகளைப் பின்னால் கொண்டுபோனார். "அவரு கையைப் பிடிச்சுக் குழாய்த் தண்ணிக்குக் கீழே நிறுத்தினப்ப எனக்கும் கொஞ்சம் பட்டுருச்சு. விட்டா ஓடிருப்பாரு. வலி தாங்கல அவருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இந்த மனிதர் கையை முறிக்கத் திட்டமிட்டவர் என்றால், நான் பூனை பிடிப்பதில் நிபுணன்.

ஆனால் 'இவர் நல்லவர்' என்று சொன்னால் மட்டும் போலீஸ் விட்டுவிடாது. குழாய் எப்படி மெலிந்தது என்று சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அளந்த குழாய், வருஷா வருஷம் நன்றாக இருந்த குழாய்.

அமிலக் கூடத்துக்குப் போனோம். நல்ல உயரமான கூடம். சுவரோரமாக இரண்டு குழாய்கள் தரையிலிருந்து நேராக மேலேறி, கூரைக்குப் பக்கத்தில் வளைந்து அடுத்த கட்டடத்துக்குப் போயின. ஒன்று தலையறுபட்டு நின்றது. மற்றது முழுசாக இருந்தது. பழைய கூடம்தான். ஆனால் குழாய்களுக்கு மட்டும் சாம்பல் நிறப் பெயிண்ட் பளபளத்தது. விருந்தாளி வரும் வீட்டுக் குழந்தைகள் மாதிரி துடைத்துப் பளிச்சென்று நின்றன.

இரண்டு குழாய்களிலும் என் மார்பு உயரத்துக்கும் கீழே ஒரு மஞ்சள் வட்டம். அவற்றின் எதிரே ஒரு ஸ்டூல். ஸ்டூல்மேல் மடித்துப் போட்ட சாக்கு. அதில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் ஏதோ பக்திப் பாட்டை முணுமுணுத்தபடி ஒரு பெரியவர் கையடக்கமான கருவி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை 'மீட்டர் ஐயா' என்றார்கள். குழாய்களின் தடிமனை அளப்பவர் அவர்தான்.

"வட்டம் எங்கயோ மீட்டர் அங்க" என்றார் பெருமையாக. "இத்தனை வருஷத்துல ஒரு வட்டம் விட்டதில்ல. ரெண்டாவது குழாயும் இப்பத்தான் பார்த்தேன். மணி மாதிரி இருக்கு."

"உட்காரலாமா?" என்றேன். அவர் எழுந்து இடம் கொடுத்தார். எழும்போது முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார்.

நான் உட்கார்ந்த ஸ்டூல் எதுவும் இதுவரை ஆடாமல் இருந்ததில்லை. கடையில், கோர்ட்டில், பெண் பார்க்கப் போன வீட்டில், எங்கும் ஆடியிருக்கிறது. அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இது ஆடவில்லை.

"அக்கா, இந்த ஸ்டூல் ஆடலை!"

"நீ ஒழுங்கா உட்கார்ந்ததையே ஒரு துப்பா சொல்றே பாரு" என்றவள் சட்டென்று குனிந்தாள். தண்ணீர் வழிந்தோடுவதற்காகத் தரையைச் சாய்வாகப் போட்டிருந்தார்கள். ஸ்டூலின் இரண்டு கால்களை மட்டும் அந்தச் சாய்வுக்கு ஏற்ற மாதிரி யாரோ அளவாக அறுத்திருந்தார்கள். கால்களில் சாம்பல் சொட்டுகள், மஞ்சள் சொட்டுகள்.

"யாரோ பொறுமையா செஞ்சிருக்காங்க" என்றாள் அக்கா. பிறகு நிமிர்ந்து, "ஐயா, ஒரு சந்தேகம். குழாய் பிஞ்சது மேல, வளைவுல. அளக்கிற வட்டம் ஏன் கீழ இருக்கு?"

முணுமுணுப்பு நின்றது. பெரியவர் கருவியை இன்னொரு தடவை துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அது மேலிடத்து உத்தரவா இருக்கும்மா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

நான் மூளையைக் கசக்குவதற்குக் கண்ணாடி தேவைப்பட்டது. சட்டைப்பையைத் தடவினேன். இல்லை. மேலாளர் அறையில், அந்த உடைந்த வளைவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"துப்பறிய வந்து உன் கண்ணாடியைத் துப்பறியணுமா?" என்று தலையிலடித்துக்கொண்டு அக்காவும் கூடவே வந்தாள்.

கண்ணாடியை எடுக்கக் கை நீட்டினேன். விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியின் நுனி பிரிந்து வளைவில் ஒட்டிக்கொண்டது. என் பிளாஸ்திரி எப்போதும் என் விரலைவிட மற்றவற்றைத்தான் அதிகம் விரும்பும். வெடுக்கென்று இழுத்தேன். பிளாஸ்திரியோடு ஓட்டையோரத்துச் சாம்பல் பெயிண்டும் செதிலாக உரிந்து வந்தது.

"போச்சு, தடயத்தை நாசம் பண்ணிட்டேன்" என்றேன்.

அக்கா வளைவின்மேல் குனிந்தாள். அவள் பேசாமலிருந்தால் ஏதோ பெரிய விஷயம். உரிந்த இடத்துக்குக் கீழே மஞ்சள் தெரிந்தது. ஓட்டையின் விளிம்பை ஒட்டி, பிறை மாதிரி வளைந்த மஞ்சள் கோடு.

"வட்டம்" என்றாள் மெதுவாக. "முதல்ல இங்கதான் இருந்திருக்கு. சரியா பிஞ்ச இடத்துல."

"அப்ப…"

"பஸ் வளைவுல திரும்பும்போது கூட்டமெல்லாம் ஒரு பக்கமா சாயுதில்ல? அமிலமும் அப்படித்தான் வளைவுல வெளிப்பக்கத்தைப் போய் முட்டியிருக்கு. தேயற இடம் இதுதான். அதனாலதான் குழாய் போட்டவங்க வட்டத்தை இங்க போட்டாங்க. அந்த வட்டம் கீழே இறங்கி வந்திருக்குடா. தேயாத இடத்துல வந்து உட்கார்ந்துக்கிச்சு. அதான் குழாய் பெருத்துப் போச்சு!"

என் பிளாஸ்திரியைப் பெருமையோடு பார்த்தேன். என் தொழில் வாழ்க்கையிலேயே நான் கண்டுபிடித்த முதல் தடயத்தை அதுதான் கண்டுபிடித்திருந்தது.

சாம்பல் சொட்டும் மஞ்சள் சொட்டும் எங்கே போய் முடியும் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. என் மூளையே போதுமானதாக இருந்தது. பின்பக்கம், கைப்பிடிக் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார் பெயிண்டர். ஒல்லியான மனிதர். காதோரம் மட்டும் நரைத்திருந்தது. அல்லது பெயிண்டாகவும் இருக்கலாம்.

நான் குரலைக் கரகரப்பாக்கினேன். "வட்டத்தை யார் இறக்கினது?"

"நான்தாங்க" என்றார் அவர்.

ஒரு குற்றவாளி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் துப்பறிபவன் அடுத்து என்ன கேட்பது? எனக்குத் தெரியவில்லை. அக்காதான் கேட்டாள்.

"ஏம்ப்பா?"

அவர் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் பதமாக வழித்தார். "புதுசா பெயிண்ட் அடிக்கும்போது பழைய வட்டம் மறைஞ்சிடும். திரும்ப நான்தான் போடணும். ஐயாவை ஏணியில ஏறும்போது பார்த்திருக்கேன். முழங்கால் மடங்காது அவருக்கு. ஒரு படிக்கு ஒரு தடவை நிப்பாரு. ஒரு நாள் கால் வழுக்கி, ஒரு கையில தொங்கினாரு. கீழே நின்னவங்க சிரிச்சாங்க. அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கும்போது வட்டத்தைக் கீழே போட்டேன். குழாய் ஒண்ணுதானேம்மா? மேல தொட்டா என்ன, கீழ தொட்டா என்ன, அதே குழாய்தானே? அவரு உட்கார்ந்து பார்க்கட்டும்னு ஸ்டூலும் செஞ்சு வச்சேன்."

அவர் முகத்தில் தப்பு செய்த கலக்கமே இல்லை. நல்லது செய்துவிட்டு அதை யாரும் பார்க்காததில் நிம்மதியாக இருந்த முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அக்கா சொன்னாள். பக்குவமாக, தோளில் கை வைத்து, வளைவு தேய்வதைச் சொன்னாள்.

டப்பா கீழே விழுந்தது. "அப்ப அவரு கை… என்னாலயா?"

பெயிண்ட் தரையில் பரவிக்கொண்டிருந்தது.

திடீரென்று அவர் தலை நிமிர்ந்தது. "ரெண்டாவது குழாய்லயும் அப்படித்தாங்க இறக்கினேன்."

இரண்டு குழாயிலும் வட்டம் கீழே இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்டூல் ஆடவில்லை என்று சந்தோஷப்பட்டவன் நான்!

"சங்கு ஊதினதும் அதைத் திறக்கப் போறாங்க!" என்றாள் அக்கா.

மூவரும் ஓடினோம். துப்பறிபவர்கள் ஓடினால் கோட்டு பறக்கும். எனக்குச் செருப்பு அறுந்தது. ஒற்றைச் செருப்போடு நொண்டியடித்துக்கொண்டு நான் கூடத்துக்குள் நுழைந்தபோது, அக்கா எனக்கு முன்பே போய்விட்டிருந்தாள். அவளுக்கு இதய மாத்திரை இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லை.

மேலாளர் சுவரோரம் நின்று இரண்டாவது குழாயைத் திறக்கும் வால்வுச் சக்கரத்தில் கை வைத்திருந்தார். சங்கு ஊதக் காத்திருந்தார். அக்கா நேரே போய், அந்த ஸ்டூலை எடுத்து, அவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா இது!"

"ஸ்டூல் நல்லா இருக்கு, எழுந்திருக்க மனசு வரல. என்னைத் தூக்கி வச்சுட்டுத் திறந்துக்குங்க. எச்சரிக்கை பண்றேன், நான் கனம்."

சங்கு ஊதியது. அது ஊதி முடிவதற்குள் மூச்சிரைக்க நான் விஷயத்தைச் சொன்னேன். மேலாளருக்கு நான் சொன்னதில் பாதி சங்கில் போனது, மீதி என் இரைப்பில் போனது.

"வட்டம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர். "இப்பத்தான் அளந்தாரு. ஐயா, சொல்லுங்க!"

மீட்டர் ஐயா பெயிண்டரைப் பார்த்தார். பெயிண்டர் தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பெரியவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏணியைக் கொண்டாங்க" என்றார். "நான் மேல போய் அளக்கிறேன்."

நீளமான, கனமான ஏணி. அந்தச் சாய்வுத் தரையில் அதை அசையாமல் பிடிக்கத் தெம்பான ஆள் வேண்டும். மேலாளர் ஒரு கணம் தயங்கிவிட்டு, ஸ்டோர் அறைக்கு ஆள் அனுப்பினார். ஃபிட்டர் வந்தார். கட்டுப்போட்ட கையால் பிடிக்க முடியாததால் தோளைக் கொடுத்து ஏணியைத் தாங்கினார். பெயிண்டர் பெரியவருக்குப் பின்னாலேயே ஏறி, அவர் முழங்காலுக்குக் கீழே தன் தோளை முட்டாகக் கொடுத்தார். படி படியாக அப்படியே போனார்கள். நானும் ஏணியைப் பிடித்தேன். "நீ விடு, ஆடுது" என்றாள் அக்கா. விட்டேன்.

மேலே பெரியவர் வளைவில் கருவியை வைத்தார். எடுத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார்.

"சார்" என்று மேலேயிருந்து கூப்பிட்டார். "கீழ இருக்கிறதுல கால்வாசி கூட இல்ல. திறந்திருந்தா இன்னிக்கே பிஞ்சிருக்கும்."

மேலாளர் தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு நேர் மேலே இருந்த வளைவைப் பார்த்தார். சக்கரத்திலிருந்து கையை ஒவ்வொரு விரலாக எடுத்தார். வேலையை மறுபடி தொடங்கும்போது முதல் சக்கரத்தை அவர் கையால், சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திறப்பதுதான் வழக்கமாம்.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

ஏணியிலிருந்து இறங்கிய பெயிண்டர் நேராக மேலாளர் முன் போய் நின்றார். "என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க சார். ஃபிட்டரை விட்டுடுங்க."

"அவனை மட்டும் எப்படி?" என்றார் மீட்டர் ஐயா, கடைசிப் படியிலேயே உட்கார்ந்தபடி. "வட்டம் இறங்கினது எனக்குத் தெரியும் சார். மேல பார்த்தப்ப தடிமன் குறைஞ்சுகிட்டே வந்துது. கீழ வந்ததும் கூடிருச்சு. ஏன்னு கேட்டிருக்கணும். கேட்டா திரும்ப மேல ஏத்திடுவாங்களோன்னு பயம். முழங்கால் போச்சுன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயம். கடவுள் பார்த்து இறக்கி வச்சாருன்னு நினைச்சு, தினமும் நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து எல்லார் முகத்தையும் பார்த்தார். "யாரை சார் கூட்டிட்டுப் போகணும்?"

மேலாளர் என்னைப் பார்த்தார். துப்பறிபவன் விரலை நீட்டிக் குற்றவாளியைக் காட்டும் மகத்தான தருணம். என் விரலில் மஞ்சளும் சாம்பலும் ஒட்டிய பிளாஸ்திரி தொங்கிக்கொண்டிருந்தது.

"சார்" என்றேன், "இந்தக் கூடத்துல அத்தனை பேரும் ஐயா அந்த ஏணியில ஏறினதைப் பார்த்திருக்காங்க. ஐயாவுக்குக் கால் வலிக்குதுன்னு பார்த்தது ஒருத்தர்தான். அவரு அதை உங்ககிட்ட வந்து சொல்லலை. சொன்னா கேட்பீங்கன்னு அவருக்குத் தோணலை. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

என் அக்கா என்னைக் கிண்டல் செய்யவில்லை. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "குழாய்க்கு வயசாக ஆகத் தடிமன் கூடுதேன்னு சந்தோஷப்பட்டவன் ஒருத்தன் இருக்கான் சார். நான்தான். இவங்க யாரும் வேணும்னு செய்யல. தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறைக்கு நானே எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கிறேன். கேள்வி வந்தா முதல் கேள்வி எனக்கு வரட்டும். எல்லா வட்டத்தையும் பழைய இடத்துல அளந்து முடிக்கிற வரைக்கும் இங்க ஒரு சக்கரமும் சுத்தாது."

ஃபிட்டர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். "நான் போகலாங்களா? ஆஸ்பத்திரிக்கு நேரம் முடிஞ்சிடும்."

கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் எழுந்து நின்றாள். அவர் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. "வா, மச்சானைப் பார்த்துட்டு வரலாம்" என்றார் அவர். "வீட்டுக்கு வராததுக்கு இன்னும் நாலு கேள்வி பாக்கி இருக்கு."

உள்ளே பெரியவர் இன்னும் படியிலேயே இருந்தார். பெயிண்டர் அவர் காலடியில் குந்தி முழங்காலை நீவிக்கொண்டிருந்தார்.

"டேய், எனக்கு வலிக்குதுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க எப்பவும் பாடிக்கிட்டே இருப்பீங்க. ஏணியில கால் வச்சா பாட்டு நின்னுடும்."

பெரியவர் அவர் தலையில் கை வைத்தார். நான் மூக்கை உறிஞ்சினேன். அமில நெடி என்று அக்காவிடம் சொன்னேன்.

சில வாரம் கழித்து மேலாளர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். வழியில் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தோம். பம்ப்காரரின் கை ஆறிக்கொண்டிருந்தது. பெயிண்டர் தினமும் போய் அவருக்குச் சோறு ஊட்டிவிடுகிறாராம், பம்ப்காரர் தினமும் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறாராம்.

கூடத்தில் புதுக் குழாய்கள் நின்றன. சுவரோரம் அகலமான படிக்கட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே நின்று வேலை செய்ய ஒரு மேடை. எல்லாம் ஃபிட்டர் கைவேலை. மேடையில் ஆடாத அந்த ஸ்டூல், புதிதாக நான்கு கால்களையும் சமமாக்கி. அதற்கு எதிரே, வளைவின் வெளிப்பக்கத்தில் மஞ்சள் வட்டம்.

"நீங்கதான் முதல்ல ஏறணும் சார்" என்றார் மேலாளர் என்னிடம்.

முதல் படியிலேயே தடுக்கி விழுந்தேன்.

"படி உறுதியாத்தான் இருக்கு" என்று அறிவித்தாள் அக்கா. "ஐயா, நீங்க போங்க."

மீட்டர் ஐயா கைப்பிடியைப் பற்றி, முதல் படியில் கால் வைத்தார். வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பெயிண்டர் கையில் பிரஷ்ஷோடு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி நின்றார்.

இரண்டாவது படி. மூன்றாவது. நடுப்படி. மேடை.

பாட்டு நிற்கவில்லை.